சுவாதியின் முகடும் தில்லையண்ணையின் பொன்னாடையும்

நோர்வேயில், அம்மருட்டில், எங்கள் அடுக்குமாடிப் புளொக்கின் கார் நிறுத்துமிடத்தை ஒரு பெண் சுற்றிச் சுற்றி நடக்கிறாள் என்றால் அதற்கு இரண்டு காரணந்தான் இருக்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். ஒன்று, டொக்டர் சீனி வருத்தம் என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், வீட்டுக்குள் இருக்கிற மனுசனோடு கதை இல்லை. எங்கள் எதிர்க்கதவுச் சுவாதிக்குச் சீனி வருகிற வயதில்லை. ஆகவே நான் அவள் புருசன் குமரனைக் கவனிக்கத் தொடங்கினேன்.

இருவரும் நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள். குமரனுக்கு ஒரு கணினிக் கம்பனியில் வேலை; வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருந்தபடியேதான். சுவாதி பல்கலைக்கழகத்தில் ஏதோ ஆராய்ச்சி. மரியாதையான பிள்ளைகள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்ன, என்னை "ஆன்ட்டி" என்பார்கள். "அக்கா" என்று சொன்னால் வாய் சுளுக்கிவிடுமா என்று ஒருநாள் கேட்க வேண்டும் என்றிருக்கிறேன்.

சலவை அறை எங்கள் புளொக்கில் நிலத்துக்குக் கீழே, எல்லாருக்கும் பொது. நேரம் போட்டுத்தான் துவைக்கலாம். என்னுடைய நேரம் அவர்களுடைய நேரத்துக்கு அடுத்ததாக அமைந்தது தற்செயல். அரை மணித்தியாலம் முந்திப் போனதும் தற்செயல்தான். குமரன் உடுப்பு மடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன தம்பி, சுவாதி நடக்கிற நடையைப் பாத்தால் நடந்தே நாகர்கோவில் போயிடுவா போல கிடக்கு?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. ஒரு பீக் வந்திருக்கு."

"எங்கை?"

"அவ டேட்டால."

காய்ச்சல் வந்திருக்கு என்று சொல்கிற குரலில் சொன்னான். பிறகு ஒரு காலுறையைக் கையில் வைத்து அதன் சோடியைத் தேடியபடி, "அது நிஜமா இல்லையான்னு தெரியல. தெரியற வரைக்கும் இப்படித்தான். நேத்து சாம்பார்ல உப்பு ரெண்டு தடவை விழுந்துச்சு. முந்தாநேத்து விழவே இல்லை" என்றான்.

இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க நான் என்ன கல்லா? மறுநாள் கத்தரிக்காய்க் குழம்பு கொஞ்சம் கூடிப்போய்விட்டது. ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

சுவாதி கதவைத் திறந்தாள், கிண்ணத்தை வாங்கினாள், அதைக் கையில் வைத்தபடியே வரவேற்பறைக்கும் குசினிக்கும் இடையில் இரண்டு முறை போய்வந்தாள். "இரும் பிள்ளை, இரும்" என்று நான்தான் அவள் வீட்டில் அவளை இருத்தினேன்.

"உங்கட பீக்கைக் கொஞ்சம் காட்டுமன்."

கேட்டதுதான் தாமதம், மடிக்கணினி மேசைக்கு வந்துவிட்டது. திரையில் வெட்டாத புல் மாதிரி ஒரு கோடு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு. அதில் ஓரிடத்தில் புல் சற்று உயர்ந்து நின்றது.

"இதுவோ?"

"இதுதான்."

"இதுக்கோ இந்த நடை?"

கோபிப்பாள் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் ஆரும் இதைக் கேட்டதில்லைப் போலும், கடகடவென்று சொல்ல ஆரம்பித்தாள்.

"ஜப்பான்ல ஒரு பெரிய மெஷின் இருக்கு ஆன்ட்டி. அதுல யுரேனியத்தை உடைச்சா, இயற்கையில எங்கேயும் கிடைக்காத அணுக்கருவெல்லாம் வரும். நியூட்ரான் அளவுக்கு மீறி இருக்கும் அதுல. தாங்காது. கண் சிமிட்டறதுக்குள்ள சிதைஞ்சு வேற கருவா மாறிடும். அம்மா போய் மகள் வருவா. நாங்களே அப்படித்தான் சொல்லுவோம், மதர், டாட்டர்னு."

"நியூத்திரன்" என்றேன் நான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நானும் கொஞ்சம் படித்தவள் என்று தெரியட்டுமே.

"அதேதான். அந்த மகள் பிறக்கும்போதே மேல் மாடியில பிறப்பா. அங்கே நிக்க முடியாது. கீழே இறங்கணும். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் ஒரு காமா கதிர் வெளிய வரும். இந்த மாடிக்கும் அந்த மாடிக்கும் எவ்வளவு வித்தியாசமோ அதுதான் அந்தக் கதிரோட ஆற்றல். கூடவும் கூடாது, குறையவும் குறையாது."

"அப்ப கதிரை அளந்தால், அந்த வீட்டில எத்தினை மாடி, ஒவ்வொண்டும் என்ன உயரம் எண்டு வெளியில நிண்டே சொல்லிப்போடலாம்."

"ஆமா! வீட்டுக்குள்ள போகவே வேண்டாம்."

வீட்டுக்குள் போகாமலே வீட்டு விசயம் அறிவதற்குப் பல்கலைக்கழகம் சம்பளம் கொடுக்கிறதாம். இத்தனை வருசமாய் நாங்கள் இதைச் சும்மா செய்துகொண்டிருக்கிறோம்.

அந்தச் சின்னப் புல்முனை, இதுவரை ஒருவரும் காணாத ஒரு மாடி. அது உண்மை என்றால், இப்படிப்பட்ட கருக்களுக்குள் நியூத்திரன்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பெரிய ஆட்கள் போட்டு வைத்திருக்கிற கணக்கைத் திருத்த வேண்டி வரும். அதைச் சொல்லும்போது சுவாதியின் முகத்தைப் பார்க்க வேண்டும். நகைக்கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்கிற பிள்ளை மாதிரி.

"பிறகேன் ஓடித் திரியிறீர்? சந்தோசமாய் இருமன்."

"அங்கேதான் சிக்கல். அம்மா சிதையறப்போ சில சமயம் ஒரு நியூட்ரானைக் கீழே போட்டுடுவா. அப்போ பிறக்கிறது எங்க மகள் இல்லை. ஒரு நியூட்ரான் குறைஞ்ச பக்கத்து வீட்டுப் பொண்ணு. அவளும் மாடி இறங்குவா, அவளும் கதிர் விடுவா. ரெண்டும் ஒரே டேட்டால கலந்து வரும்."

"பிள்ளை ஆரின்ர எண்டதுதான் பிரச்சினை."

சுவாதி சிரித்தாள். மூன்று கிழமைக்குப் பிறகு அவள் சிரித்ததை நான்தான் முதலில் கண்டேன் என்று குமரன் பின்னர் சொன்னான்.

"அதேதான் ஆன்ட்டி. அதைச் சொல்ல ஒரே வழி இருக்கு. பக்கத்து வீட்டுப் பொண்ணு, அவளோட சொந்த அம்மாவுக்குப் பிறக்கிற டேட்டா வேணும். அதுலயும் இந்த பீக் இருந்தா, இது அவளோடது. இல்லைன்னா என்னோடது. அந்த டேட்டா எங்ககிட்ட போதுமான அளவு இல்லை. ஜெர்மனியில ஒரு குழுகிட்ட நிறைய இருக்கு. எமிலி கேட்டிருக்காங்க. தர்றோம்னு அவங்களும் சொல்லியிருக்காங்க."

எமிலி அவளுடைய பேராசிரியை. நோர்வேஜியப் பெண். ஒருமுறை லிஃப்டில் கண்டிருக்கிறேன். சைக்கிள் தொப்பியைக் கழற்றாமலே வீட்டுக்குள் வந்து, கழற்றாமலே போன ஆள்.

"தருவினம்தானே. பொறுத்திரும்."

அவள் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி வைத்தாள். குமரன்தான் குசினியில் நின்றபடி சொன்னான். பல்கலைக்கழகத்தில் ஐந்து வருச வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நேர்முகமும் முடிந்தது. தெரிவுக் குழு கூடப்போவது சித்திரை கடைசித் திங்கட்கிழமை. மாரிகாலத்தில், அந்தப் பீக்கை, முகட்டை, கண்ட புதுசில், விண்ணப்பத்தில் இவள் எழுதிவிட்டாள்: "புதிய ஆற்றல் மட்டம் ஒன்றைக் கண்டுபிடித்துள்ளேன்." நேர்முகத்தில் அவர்கள் கேட்டதெல்லாம் அதைப் பற்றித்தானாம்.

"கண்டுபிடிச்சிருக்கலாம்னு எழுதியிருக்கணும்" என்றாள் சுவாதி கிண்ணத்தைப் பார்த்து.

"கிடைக்காட்டில்?"

"இங்க கான்ட்ராக்ட் முடியுது. மறுபடி வேற நாடு" என்றான் குமரன். "எங்களுக்குக் கல்யாணமாகி அவ பிரான்ஸ்ல, நான் சென்னைல. அப்புறம் அவ பின்லாந்துல, நான் பெங்களூர்ல. ஒரே வீட்ல சேர்ந்து இருக்கிறது இந்த அம்மருட்லதான் ஆன்ட்டி."

அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சொல்லிவிட்டுக் கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினான்.

இனி நடந்ததற்கு ஆட்கள் என்னைச் சொல்கிறார்கள். நான் ஒரேயொருவருக்குத்தான் சொன்னேன். அந்த ஒருவர் ஐந்நூறு பேருக்குச் சமம் என்றால் அது என் பிழையா?

தில்லைநாதன் அண்ணை எங்கள் புளொக்கின் கீழ்த் தட்டில் இருக்கிறார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பள்ளத்தாக்குத் தமிழ்க் கலை மன்றத்துக்குத் தலைவர். ஏனையோர் அந்தப் பதவியைக் கேட்பதில்லை, அவரும் கொடுப்பதில்லை. மனுசனுக்கு ஒரேயொரு பலவீனம் உண்டு, அது பொன்னாடை. வருசம் ஒருமுறை சித்திரை விழாவில் யாராவது ஒரு தமிழருக்குப் போர்த்தாவிட்டால் அவருக்குச் சாப்பாடு சமிக்காது. பல் டொக்டருக்குப் போர்த்தினார். கார் பழக்குகிறவருக்குப் போர்த்தினார். போலந்தில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்த பையனுக்கு, அவன் போகமுன்னமே போர்த்தினார். அவன் ஆறு மாதத்தில் திரும்பி வந்து இப்போது இங்கே ஹொல்ம்லியாவில் பீற்சாக் கடை வைத்திருக்கிறான். அங்கே சுவரில் அந்தப் பொன்னாடை கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

ட்வெய்ட்டாவில் கடையொன்றில் நான் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்கும்போது மனுசன் என்னிடம் குறைப்பட்டார்: "இந்த முறை ஒருத்தரும் அம்பிடேல்லைப் பிள்ளை." நான் சொன்னேன். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் என் கைபேசியில் பத்துக் குழுமங்களில் ஒரே படம். மேலே நோர்வேக் கொடி. கீழே குத்துவிளக்கு. நடுவில் சுவாதி கணினிக்கு முன்னால் இருந்து திரும்பிப் பார்க்கிறாள். "நோர்வே மண்ணில் புதிய அணுநிலை கண்ட தமிழ்மகள்!" படம் குமரன் கொடுத்தது. தில்லையண்ணை "ஒரு நல்ல போட்டோ அனுப்பும் தம்பி, விழாவுக்கு" என்று கேட்டிருக்கிறார். பெருமையில் அவனும் அனுப்பிவிட்டான். சுவாதிக்குப் பின்னால் கணினித் திரை. திரையில் அந்த முகடு, பக்கத்தில் அதன் எண்ணோடு. அது தில்லையண்ணையின் கண்ணுக்கு வடிவாகப் பட்டிருக்க வேண்டும். அதை வெட்டிப் பெரிதாக்கி, மூலையில் ஒட்டி, சுற்றிவர ஒளிக்கதிர் வேறு போட்டிருந்தார்.

எதிர்க்கதவு திறந்த சத்தத்தில் எனக்கு விளங்கிவிட்டது. சுவாதி லிஃப்டுக்குக் காத்திராமல் படியால் இறங்கினாள். நானும் பின்னால் போனேன். துணைக்கு.

தில்லையண்ணை கதவைத் திறந்து, "வாரும் வாரும் விஞ்ஞானி!" என்றார்.

"சார், அந்தப் படத்தை எடுங்க. உடனே எடுங்க."

"ஏன் பிள்ளை, முகம் வடிவாய் விழேல்லையோ?"

"முகம் இல்ல சார். பின்னாடி இருக்கிறது. அது இன்னும் வெளியிடாத டேட்டா. அதை வெளிய காட்டவே கூடாது. நாங்க நாற்பது பேர் சேர்ந்து செஞ்ச வேலை. இன்னும் நிஜமான்னே தெரியாது."

"நிசமில்லாமல் கம்பியூட்டரில எப்பிடி வரும்?"

உள்ளேயிருந்து அவருடைய மகள் வினோஜா வந்தாள். ஆஸ்பத்திரித் தாதி, விழாவுக்கு அறிவிப்பாளரும் அவள்தான். படத்தைப் பார்த்தாள். "பப்பா, சேரியோஸ்த்? உண்மையாவோ? கேக்காமல் போட்டனீங்களோ?"

"கேட்டால் வேண்டாம் எண்டுவினம். எங்கட ஆக்களுக்கு அடக்கம் கூட."

சுவாதி அந்தச் சின்ன வாசல் நடையில் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டே கதைத்தாள். ஒவ்வொரு முறையும் தில்லையண்ணையின் சப்பாத்து அலுமாரியில் முழங்கை இடித்தது. அவள் கைபேசி அடித்தது. எமிலி. கேட்டுக்கொண்டு நின்றவளின் முகம் போன போக்கைப் பார்த்து, தில்லையண்ணைகூட வாயை மூடினார்.

ஜெர்மனிக் குழுவிலே எங்கள் ஆள் ஒருவன் படிக்கிறான். அவனுடைய சின்னம்மா ஹொல்ம்லியாவில். சின்னம்மா படத்தை அனுப்ப, அவன் பெருமையாய்த் தன் பேராசிரியரிடம் காட்ட, பேராசிரியர் எமிலிக்கு ஒரு வரி எழுதிவிட்டார்: "நீங்கள் அறிவித்தே விட்டீர்கள். பிறகு எங்கள் தரவு எதற்கு?"

படம் அன்றே அகற்றப்பட்டது. எமிலி மன்னிப்புக் கேட்டு எழுதினாள். சுவாதியும் எழுதினாள். பதில் இல்லை. ஒரு கிழமை இல்லை. இரண்டாம் கிழமையும் இல்லை.

அந்த நாட்களில் அவள் நடந்த நடையை நான் சொல்லி முடியாது. பனியில் வழுக்காமலிருக்கப் போட்ட சிறுகல் இன்னும் கூட்டாமல் கிடந்தது. அவள் சப்பாத்தின் கீழ் அது நொறுங்கிற சத்தம் எங்கள் மாடிவரை கேட்கும். பாகிஸ்தான்காரக் கிழவர் ஒருவர், அவரும் நடக்கிறவர், அவளுக்குப் பயந்து மற்றப் பக்கமாய்ச் சுற்றத் தொடங்கினார். தரவு வராவிட்டாலும் பயம். வந்தால் அதைவிடப் பயம். கைபேசியைப் பார்ப்பாள், பைக்குள் வைப்பாள், வைத்த கை வெளியே வரமுன்னம் திரும்ப எடுப்பாள். குமரன் சன்னலில் நின்று பார்ப்பான். அவன் பார்ப்பதை நான் பார்ப்பேன்.

விழாவை மட்டும் தில்லையண்ணை விடவில்லை. "மண்டபம் எடுத்தாச்சு. பொன்னாடை யாழ்ப்பாணத்தில இருந்து வந்திட்டுது. பிரதேச சபையில இருந்து பிரதம விருந்தினர் வாறார். கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டம் பிள்ளை, பொதுவாய் விஞ்ஞானி எண்டு போத்துறம்." இரவல் முகத்தோடு சுவாதியும் தலையாட்டினாள். புதுப் படம் வந்தது. முகடு இல்லை. ஆனால் ஒளிக்கதிரை விட மனுசனுக்கு மனம் வரவில்லை. அதைச் சுவாதியின் தலையைச் சுற்றிப் போட்டிருந்தார்.

விழா சனிக்கிழமை. தெரிவுக் குழு கூடுவது அதற்கடுத்த திங்கட்கிழமை. சனிக்கிழமை காலை, அவள் சேலை கட்டிக்கொண்டிருக்கும்போது, ஜெர்மனியிலிருந்து தரவு வந்தது. கூடவே இரண்டு வரி: "தருகிறோம் என்று சொன்னோம், தந்துவிட்டோம். எங்களுக்கு நேரமில்லை, கோடை விடுமுறைக்குப் பிறகுதான் நாங்கள் இதைத் தொடுவோம்."

சேலையோடும் மடிக்கணினியோடும் அவள் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்தாள்.

பின்பக்கத்தில் ஒரு வகுப்பறையை ஒப்பனைக்கு விட்டிருந்தார்கள். பரத நாட்டியச் சிறுமிகள் கண்ணுக்கு மையிட நிரையாய் நின்றார்கள். ஒரு மூலையில், ஆறு வயதுப் பிள்ளைகள் இருக்கிற கதிரையில், சுவாதி. கணினி ஏதோ அரைத்துக்கொண்டிருந்தது. அவள் எழும்புவாள், சலங்கைக் கால்களுக்கிடையில் நடப்பாள், வந்து திரையைப் பார்ப்பாள், திரும்ப நடப்பாள். "அன்ரி, நீங்களும் டான்ஸோ?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

நான் மாலைகளைப் பார்க்க வந்தவள். அந்தக் கதவோரத்தில்தான் மாலைகள் இருந்தன.

கணினி நின்றது. சுவாதி குனிந்தாள். குமரனும் குனிந்தான். எனக்கும் எட்டிப் பார்க்க முடிந்தது. எங்கள் திரையில் புல்முனையாய் நின்றது, ஜெர்மனிக்காரரின் தரவில் பூவரச மரமாய் நின்றது. அதே இடத்தில். அதே எண்ணில்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு" என்றாள் சுவாதி.

குமரன்தான் முதலில் பேசினான். குரலை இறக்கித்தான். ஆனால் சிறுமிகள் அப்போதுதான் மேடைக்குப் போயிருந்தார்கள், அறை அமைதியாய் இருந்தது.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு."

"எமிலிக்கு?"

"டேட்டா வந்ததே அவங்களுக்குத் தெரியாது. எனக்குத்தான் அனுப்பியிருக்காங்க."

"ஜெர்மனிக்காரங்க கோடைக்கு அப்புறம்தான் பார்ப்பாங்க." அவன் திரையை அவளிடமிருந்து திருப்பினான். "திங்கட்கிழமை முடியட்டும் சுவாதி. செவ்வாய்க்கிழமை சொல்லு. பொய் சொல்லச் சொல்லலை. ரெண்டு நாள் சும்மா இருன்னுதான் சொல்றேன்."

"அவங்க என்னை எடுக்கிறதே அந்த ஒரு வரிக்காகத்தான் குமரன்."

"நீ எழுதும்போது அதை நம்பித்தானே எழுதின?"

"அப்போ நம்பினேன்."

"இப்பவும் நம்பிட்டே இரேன். ரெண்டே ரெண்டு நாள்." பிறகு, இன்னும் மெல்ல: "நான் திரும்பவும் போன்ல குடும்பம் நடத்த மாட்டேன்."

சுவாதி மடிக்கணினியை மூடினாள். திறந்தாள். மூடினாள். எழும்பிக் கரும்பலகைவரை நடந்தாள். அங்கே நின்று சொன்னாள்: "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நாள் பூரா நீ இதையே சொன்னா நான் கேட்டுடுவேன். எனக்குத் தெரியும், கேட்டுடுவேன்."

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் வினோஜாவின் குரல்: "அடுத்ததாக, எமது மன்றத்தின் மதிப்பளிப்பு..."

நான் ஓடிப்போய் முன்வரிசையில் ஓர் இடம் பிடித்தேன். மேடையில் தில்லையண்ணை, கையில் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி, மாட்டை மறித்துச் சாய்க்கிறவர் மாதிரி நின்றார். பக்கத்தில் பிரதம விருந்தினர், நெடுத்த வெள்ளைக்காரர், கழுத்தில் ஏற்கெனவே ஒரு பொன்னாடையும் ஒரு மாலையும். சுவாதி படியேறி வந்தாள். தில்லையண்ணை முன்னால் வர, அவள் ஓர் அடி பின்னால் போனாள்.

"லைவ் போகுதா சார்?"

"ஓம் பிள்ளை, கனடா, லண்டன் எல்லாம் பாக்கினம்."

"ஜெர்மனி?"

"ஜெர்மனியும்தான்! ஏன்?"

"மைக் குடுங்க."

வினோஜா கொடுத்தாள். சுவாதி ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சதா நீங்க ஒரு போஸ்டர் பார்த்திருப்பீங்க. நான் கண்டுபிடிக்கலை. ஒரு அணுக்கருவுல புது மட்டம்னு நான் நினைச்ச கதிர், அதுக்குப் பக்கத்துக் கருவிலேர்ந்து வந்தது. இன்னைக்கு, இங்க பின்னாடி உட்கார்ந்துதான் பார்த்தேன். தப்பு என்னோடது. ஒரு வேலைக்கான விண்ணப்பத்துலயும் அதைக் கண்டுபிடிச்சதா எழுதியிருக்கேன். அதுவும் தப்பு. இன்னைக்கே அவங்களுக்கு எழுதிடறேன்."

பின்வரிசையில் ஆரோ பக்கத்து ஆளிடம் கேட்டது முன்வரிசைக்குக் கேட்டது: "அப்ப என்னத்துக்குப் போத்துகினம்?"

"அதான்" என்றாள் சுவாதி ஒலிவாங்கியிலேயே. "எனக்குப் போர்த்த வேண்டாம்."

நாட்டியத்துக்குப் போய் நின்ற சிறுமிகளில் ஒருத்திக்கு என்ன விளங்கியதோ, கை தட்டினாள். அவளுடைய தாய் தட்டினாள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்து எல்லாரும் தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் தட்டினவர்கள்தான் கூட. சுவாதி அது முடியமுன்னமே இறங்கிவிட்டாள்.

தில்லையண்ணை விரித்த பொன்னாடையோடு நின்றார். மடிப்பதென்றால் அவமானம். விரித்த கையைப் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார், திரும்பிப் பிரதம விருந்தினருக்கே போர்த்திவிட்டார். அந்த மனுசன் இரண்டு பொன்னாடையோடு, தமிழர் தனக்கு ஏதோ பெரிய பதவி தந்துவிட்டதாக எண்ணி, நெஞ்சில் கைவைத்து நாலு பக்கமும் குனிந்தார்.

நான் நேரே வகுப்பறைக்குப் போனேன். கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். உள்ளே போகவில்லை, எனக்கும் ஓர் அளவுண்டு. சுவாதி அந்தச் சின்னக் கதிரையில் இருந்து தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள். குமரன் சுவரோடு சாய்ந்து, கையைக் கட்டி, எதிர்ப்பக்கம் பார்த்து நின்றான். சரி, இது இன்று சனிக்கிழமையோடு முடிகிற சண்டையில்லை என்று நினைத்தேன். பிறகு அவன் இன்னொரு சின்னக் கதிரையை இழுத்துப் போட்டு, முழங்கால் நாடியில் முட்ட இருந்தான். திரையை வாசித்தான்.

"'ஸாரி' ரெண்டு தடவை வருது" என்றான். "ஒண்ணு போதும்."

அவள் ஒன்றை அழித்தாள். அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. வேலை டென்மார்க்கில் இருந்து வந்த ஒருவருக்கு. சுவாதியின் நேர்மையைக் குழு மிகவும் மதித்ததாம். மதிப்பைக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள், வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். எமிலி தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து, வெகுநேரம் இருந்து, போனாள். அவளிடமும் கொடுக்க ஒன்றும் இல்லை.

கொடுக்க இருந்தது அந்த ஜெர்மனிக்காரரிடம். நேரலையை அவருடைய மாணவன், எங்கள் ஆள், காட்டியிருக்கிறான். வரிக்கு வரி மொழிபெயர்த்தும் இருக்கிறான். "எங்கள் வீட்டுக்குள் நின்ற மரத்தை நாங்களே காணவில்லை. வந்து அது எந்த மாடியில் நிற்கிறது என்று சொல்லுங்கள்" என்கிற பொருளில் எழுதினாராம்; மரமும் மாடியும் என் பேச்சு. ஒரு வருச வேலை. கட்டுரை வந்தால் எழுதியவர் பட்டியலில் பலரோடு ஒருத்தியாய்ப் பெயர். நகரம் ஜெர்மனியின் தெற்கே எங்கேயோ.

போவதா விடுவதா என்று அவர்கள் எத்தனை நாள் கதைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் புளொக்கில் சுவர் மெல்லியது என்பதை மட்டும் சொல்கிறேன். ஒருநாள் அவன் கத்தினான். ஒருநாள் அவள் அழுதாள். ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ சின்ன விசயத்துக்கு அப்படிச் சிரித்தார்கள், நான் காதை எடுத்துவிட்டேன்.

ஆவணி மாதத்துக் காலை ஒன்றில் அவள் பெட்டியோடு வெளிக்கிட்டாள். லிஃப்டடியில் என்னைக் கண்டு, "ஒரு வருஷம்தான் ஆன்ட்டி" என்றாள்.

"ஒரு வருஷம்தான்" என்றான் குமரன், சூடான சட்டியைக் கையில் கொடுத்துக் கொஞ்சம் பிடி என்று சொல்லப்பட்டவன் மாதிரி.

நான் சன்னலுக்கு வந்தேன். அவளை ஏற்றிவிட அவனும் கூட, இருவரும் ஸ்டேசன் பக்கமாய்ப் போனார்கள். பெட்டி அவன் கையில். பாதி வழியில் அவள் நின்று, தோள்பையைத் திறந்து, மடிக்கணினி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. நாலடி நடந்து திரும்பவும் திறந்து பார்த்தாள். அவன் பொறுத்து நின்றான். பெட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, வெறுமையான கையால் அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் போட்டான். அவள் கை வீசி முன்னால் நடந்தாள், ரயில் வந்துவிட்டது போல.

ரயில் வர இன்னும் நேரமிருந்தது. எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.